வியாழக்கிழமை வைத்த செவ்வாய்க்கிழமை சூப்

அக்காவைக் கண்டுபிடிக்க நிக்கானோருக்கு ஐந்து மணி நேரமும் பன்னிரண்டு தட்டுகளும் இருந்தன.

மணி பதினொன்று. யனாவாரா சதுக்கத்தில் பேண்டுக்காரர்கள் முதல் பாட்டை முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தேவாலய வாசலிலிருந்து வெள்ளைக்கல் வளைவுகள் வரைக்கும் இரண்டு வரிசையாகக் கடைகள். அரெக்கிப்பா நகரத்தில் பெயர் சொல்லும்படி இருக்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றுகூட பாக்கியில்லை, எல்லாம் வந்திருந்தன. முன்னால் மேசை, நடுவில் ஒரு துணித் திரை, திரைக்குப் பின்னால் அடுப்பு. ஓர் அட்டை வாங்கினால் பன்னிரண்டு கடையில் பன்னிரண்டு சின்னத் தட்டு. தட்டுக்கு ஒரு முத்திரை.

"திரைக்கு அந்தப் பக்கம் எங்கயோதான் இருக்கா மச்சான்," என்றான் வில்பெர். டாக்ஸி ஓட்டுகிறவன். நிக்கானோர் அவன் மகளுக்கு ஞானத் தகப்பன். "நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனை ஏத்துனேன். பழுப்புத் தொப்பி. தாக்னாவுல ஓட்டல் வச்சிருக்கானாம். வழி பூரா போன்தான். 'ஃபோர்த்துனாத்தா அம்மா நாளைக்குத் திருவிழாவுல நாலு மணிக்குப் பதில் சொல்றேன்னுட்டாங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்'னு சொல்றான். எனக்கு ஸ்டியரிங்கே கையில நிக்கல."

ஃபோர்த்துனாத்தா நிக்கானோரின் அக்கா. 'நொண்டிச் சேவல்' கடையில் முப்பத்தோரு வருஷமாக அவள்தான் அடுப்பு. அவன் கல்லா. கடையை விட்டு அவள் போய்ப் பதினேழு நாள் ஆகிறது.

காரணம் ஒரு சூப்.

தலைநகர் லீமாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கினார்கள். வந்தவர்களுக்குச் சைரோ வேண்டுமாம். எங்கேயோ படித்திருக்கிறார்கள். அரெக்கிப்பாவில் கிழமைக்கு ஒரு சூப், மாற்றி வைக்கிற வழக்கமே இல்லை; சைரோ செவ்வாய்க்கிழமை சூப். அன்றைக்கு வியாழன். ஃபோர்த்துனாத்தா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நிக்கானோர் சமையற்கட்டுப் பெண்ணிடம், "வை, லீமாக்காரங்களுக்குக் கிழமையா தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். வாசல் கரும்பலகையில் 'இன்று சைரோ' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தான்.

அக்கா திரும்பி வந்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளே போய் அம்மிக் குழவியைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போனை எடுக்கவில்லை. குழவி இல்லாத அம்மி பதினேழு நாளாக ஈரம் படாமல் கிடக்கிறது.

அடுத்த நாளே ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. பக்கத்து சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "நிக்கானோர், இன்னைக்கு வெள்ளிதானே? இல்ல உங்க கடையில இன்னும் முடிவு பண்ணலையா?" வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும், "டேய், உப்பு பாரு" என்று ஒரு கரண்டி மூக்குக்கு நேரே நீளாத வீட்டில் அவனுக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

"நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே?" என்றான் வில்பெர்.

"கேக்காமலா இருந்தேன்? எல்லாச் சமையற்காரிங்களும் ஒரே கட்சி. வாயே திறக்க மாட்டேங்குறாங்க. திரைக்குப் பின்னாடி வெளி ஆள் போகவும் கூடாது."

"அப்புறம் எப்படி?"

நிக்கானோர் நாக்கை நீட்டிக் காட்டினான். "முப்பத்தோரு வருஷம் அவ கைச்சாப்பாடு. எந்தத் தட்டுல அவ கை இருக்கோ, அந்தத் திரைக்குப் பின்னாடி அவ இருக்கா. அவ்வளவுதான்."

முதல் தட்டு 'மஞ்சள் கதவு' கடை. மேசைக்குப் பின்னால் லியோகாதியா அம்மா, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க வாங்க! ஏய் எல்லாரும் பாருங்க, யாரு வந்திருக்கான்னு! காலண்டரையே மாத்துன மகராசன்!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஒரு தட்டு குடுங்கம்மா," என்றான் நிக்கானோர் தலையைக் குனிந்துகொண்டு.

"எந்தக் கிழமைத் தட்டு வேணும் ராசா?"

அவித்த உருளைக்கிழங்கின் மேல் நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் சேர்த்து அரைத்த மஞ்சள் குழம்பு. ஒரு வாய் வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிக்ஸி. மிக்ஸியில் அடித்தது நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அக்கா அரைத்தது அப்படி ஓடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகும்.

"இங்க இல்ல," என்றான். வில்பெர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இல்லாட்டியும் பரவால்ல, நல்லாருக்கு" என்றான்.

இரண்டாவது கடை, வறுத்த பன்றித் தோல். அக்கா இல்லை. மூன்றாவது, இறைச்சியை உள்ளே திணித்து வேகவைத்த ரொக்கோத்தோ. பார்க்க ஆப்பிள்பழம் மாதிரி இருக்கும், கடித்தால் காதுக்குள் பேண்டு வாசிக்கும் மிளகாய். விதையைச் சரியாக எடுக்காமல் விட்டிருந்தார்கள். நிக்கானோரின் கண்ணில் நீர் தாரை தாரையாக ஊற்றியது.

"பாவம், அக்காவை நினைச்சு அழுகுறான்," என்று ஒரு பெண் உருகினாள்.

"மிளகாய்ம்மா!" என்று கத்தப் பார்த்தான். குரலே வரவில்லை. பட்டை தூவிய பால் ஐஸ் ஒரு கிண்ணம் உள்ளே போனபிறகுதான் நாக்கு திரும்பவும் அவனுடையதாயிற்று.

நான்காவது கடை வரிசையில் அவனுக்கு முன்னால் லீமாவிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. "அதோபோ இருக்கா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

கடைக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அதோபோவா? மணி பன்னிரண்டரை தம்பி!"

"இன்னைக்கு ஞாயிறுதானே?"

"ஞாயிறுதான். அதுக்காக? அது விடியக்காலத்துப் பண்டம். சனிக்கிழமை ராவே பன்றிக்கறியைச் சோளக்கள்ளுல ஊறவச்சு, நாங்க அடுப்புல ஏத்துறப்ப சேவலே கூவியிருக்காது. ஒம்பது மணிக்கு மேல கேட்டா பானையைக் கழுவி வெயில்ல கவுத்திருப்போம். வேற என்ன வேணும், சொல்லு."

அந்தப் பையன் வெட்கத்தோடு பீன்ஸ் கூட்டு வாங்கினான். நிக்கானோரும் அதையே வாங்கினான். அக்கா இல்லை.

ஐந்தாவது கடை 'பாலத்தடி'. தட்டில் இரண்டு உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு கரண்டி பச்சை மிளகாய்த் துவையல். கிழங்கைத் துவையலில் தொட்டு வாயில் போட்டான்.

நின்றுவிட்டான்.

முதலில் தழை வாசம். பின்னால் காரம். அதற்கும் பின்னால், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உப்பு. பல்லில் ஒரே ஒரு நரநரப்பு, அரைபடாமல் வேண்டுமென்றே விட்ட அரைக் கடலை.

"வில்பெர்," என்றான் மெதுவாக. "இங்கதான்."

"நிஜமாவா?"

பதில் சொல்ல நிக்கானோர் அங்கே இல்லை. மேசைக்கடியில் குனிந்து நுழைந்து, திரையைப் படாரென்று விலக்கிவிட்டான்.

உள்ளே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் மீசை வைத்த ஒரு பருத்த மனிதர். கையில் கத்தி, மடியில் உருளைக்கிழங்குத் தோல். கடை முதலாளி எர்மோகெனெஸ்.

"எங்க எங்க அக்கா?"

"எந்த அக்கா?"

"இந்தத் துவையலை யாரு அரைச்சது?"

எர்மோகெனெஸ் ஒரு நிமிஷம் யோசித்தார். "நான்தான்," என்றார்.

"உங்க கையைக் காட்டுங்க."

காட்டினார். மிளகாய் பட்ட கையே இல்லை. குழந்தையின் கை மாதிரி சுத்தம். ஆனால் அடுப்படியில் வேறு யாரும் இல்லை என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. வெளியே, "திருடன் திருடன்! கிழமைத் திருடன் சமையற்கட்டுக்குள்ள பூந்துட்டான்!" என்று யாரோ கத்த, சதுக்கமே கை தட்டியது. பேண்டுக்காரர்கள் அதற்கும் ஒரு மெட்டுப் போட்டார்கள்.

"அரைச்சு வச்சுட்டு வேற கடைக்குத் தாவிட்டா," என்றான் நிக்கானோர் மூச்சு வாங்க. "பக்கத்துலதான் இருக்கணும். வா!"

ஆறாவது தட்டு, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு அடுக்கு. ஒரு வாய். சோம்பு வாசம் நெற்றியில் தட்டியது. அக்கா! திரையை விலக்கினான். இரண்டு பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது, பச்சை மொச்சையும் வெங்காயமும் சேர்ந்த குளிர்ந்த கலவை. அக்கா! திரைக்குப் பின்னால் ஒரு பூனை.

எட்டாவது, முயல் பொரியலும் சாறும். அக்கா! ஒன்பதாவதும் அக்கா.

வில்பெர் இடுப்பு பெல்ட்டில் இரண்டு துளை தளர்த்திவிட்டான். "மச்சான், உங்க நாக்கு கெட்டுப்போச்சா, இல்ல ஊரே உங்க அக்கா கையாலதான் சாப்பிடுதா?"

பத்தாவது தட்டை எடுத்துக்கொண்டு நிக்கானோர் தேவாலயப் படியில் உட்கார்ந்தான். வயிறு கல். மணி மூன்றரை. அட்டையில் பத்து முத்திரை. நாக்கு கெடவில்லை, அது அவனுக்கு நிச்சயம். அப்படியானால் ஐந்து கடையில், ஒரே நாளில், ஒரே கை. ஒரு ஆள் எப்படி?

எதிரே லியோகாதியா அம்மா சோளக்கள் கோப்பையோடு காற்று வாங்க வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"குடி. செரிக்கும்."

குடித்தான். "அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவளைக் காட்டிக்குடுக்க வேணாம். 'பாலத்தடி'யில எந்த சூப்புக்குக் கூட்டம் வரும்?"

"இது தெரியாதா? புதன்கிழமை. சொச்சோகா."

"அதுக்கு அடுத்த கடையில?"

"சனிக்கிழமை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "சரி, கேட்டுக்கோ. உன் கடையை விட்டு வந்தவ ஒரு கடையில இருக்கலைடா. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. எந்தக் கிழமைக்கு எந்த அடுப்பு பேர்போனதோ அந்தக் கிழமைக்கு அங்க. குழவியை இடுப்புல தூக்கிட்டு வருவா. சூப்பை வச்சு, அந்த வீட்டுப் பொண்ணுங்களையும் உக்காத்தி வச்சு அரைக்கப் பழக்கிட்டுப் போவா. இவங்களும் மிக்ஸியைத் தூக்கி மேல வச்சுட்டாங்க. என் வீட்டுக்கு இன்னும் வரல, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்."

நிக்கானோர் எழுந்து நின்றான்.

"ஞாயிற்றுக்கிழமை எந்த வீடு?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

சொல்ல வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதோபோ. அதோபோ என்றால் விடியல். ஒன்பது மணிக்குப் பானை கவிழ்த்தாயிற்று. அதற்கப்புறம் அன்றைக்கு அரெக்கிப்பாவில் ஒரு சூப்காரிக்கு எந்தத் திரைக்குப் பின்னாலும் வேலை கிடையாது. விரதம் இருந்தவள் மாதிரி பசியோடு இருப்பாள். அக்காவைப் பற்றி அவனுக்குத் தெரிந்த வரைக்கும், நாற்பது கடை வரிசையாக நிற்கிற இடத்தில் அவள் கையில் இருக்கப்போவது கரண்டி இல்லை. தட்டு!

காலையிலிருந்து அவன் கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தான்.

பனை மரத்தடியில் நீள மேசை. பேண்டுக்காரர்கள், யாரோ கன்னியாஸ்திரிகள், ஐஸ் வழியும் முகத்தோடு குழந்தைகள். நடுவில் அகலமான வைக்கோல் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஃபோர்த்துனாத்தா, ரொக்கோத்தோவை இரண்டாகப் பிளந்துகொண்டு, டிரம் வாசிக்கிறவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அட்டையிலும் பத்து முத்திரை.

அவள் பக்கத்தில் பழுப்புத் தொப்பி.

நிக்கானோர் மேசையை நெருங்கியபோது அவள் நிமிரவே இல்லை. "மூணாவது கடையில விதையை எடுக்கல, பாத்தியா?" என்றாள். "உனக்கு ரெண்டு ஆள் தள்ளித்தான் நின்னேன். நீ அழுததைப் பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல."

"அக்கா..."

"தின்னுட்டுப் பேசு. வாயில சோளக்கள் நாத்தம்."

பழுப்புத் தொப்பிக்காரர் எழுந்து மரியாதையாகக் கை நீட்டினார். தங்கமான மனிதர், அதுதான் பிரச்சினை. "உங்க அக்காவை எங்க ஊர்ல ராணி மாதிரி வச்சுக்குவோம் சார். அம்மா, மணி நாலு ஆகப்போகுது."

எர்மோகெனெஸ் கத்தியோடு வந்து நின்றார். லியோகாதியா வந்தாள். சமையற்காரிகள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகச் சுற்றி நின்றார்கள். வில்பெர் சத்தம் வராமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நிக்கானோர் பதினேழு நாளாக ஒரு பேச்சுத் தயார் பண்ணி வைத்திருந்தான். மன்னிப்பு, முப்பத்தோரு வருஷம், வீட்டின் வெறுமை, எல்லாம் அதில் இருந்தது. வாயைத் திறந்தான்.

"பேச்செல்லாம் வேணாம்," என்றாள் அக்கா. "ரெண்டு பேரையும் ஒரே கேள்விதான் கேக்கப்போறேன். நாளைக்கு உங்க கடையில என்ன சூப்?"

பழுப்புத் தொப்பிக்காரர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நீங்க எது சொல்றீங்களோ அதும்மா! சமையற்கட்டு உங்களுது. உங்க இஷ்டம்தான்."

சமையற்காரிகளில் யாரோ 'ச்சு' கொட்டினாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

நிக்கானோருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து பட்ட கேலி, மிளகாய், பூனை, எல்லாம் ஒன்றாகத் தலைக்கேறியது. "என்ன கேள்வி இது?" என்று சத்தம் போட்டான். "உன் இஷ்டமாவது என் இஷ்டமாவது! நாளைக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்ன சூப்புன்னு இந்த ஊர்ல ஒருத்தர் ஒருத்தரைக் கேப்பாங்களா? அவமானமா இல்ல? சாக்கே சூப்! சாக்கே இல்லாம என்ன, ஐஸ்கிரீமா வைப்பாங்க? அன்னைக்கு நான் பண்ணுனது தப்பு, ஒத்துக்கறேன், அதுக்காக என்னைத் திங்கட்கிழமை தெரியாதவன்னு நினைச்சுட்டியா?"

கத்தி முடித்தபிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்தது. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டான்.

ஃபோர்த்துனாத்தா வைக்கோல் தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். டிரம்காரர் ஒரு தட்டுத் தட்டினார். கைதட்டல் தேவாலயம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"மன்னிச்சிருங்க ஐயா," என்றாள் அவள் பழுப்புத் தொப்பிக்காரரிடம். "நீங்க நல்லவரு. ஆனா என் இஷ்டத்துக்கு விட்டா எனக்கு வேலை ஓடாது."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, "அந்தச் சாக்கே எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு வாங்க," என்றார்கள் பத்துப் பேர் ஒரே குரலில்.

நிக்கானோர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "வா, வீட்டுக்குப் போலாம்."

"இரு, இரு. வர மாட்டேன்னு சொல்லல. ஏழு நாளும் வரேன்னு எப்பச் சொன்னேன்?" தட்டில் மிச்சமிருந்ததைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷமா ஒரே அடுப்பு. இந்தப் பதினேழு நாள் ஊரெல்லாம் சுத்திச் சமைச்சேன். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சிரிப்பு, ஒரு சண்டை. எனக்குப் பிடிச்சுப்போச்சுடா. செவ்வாயிலேர்ந்து சனி வரைக்கும் நொண்டிச் சேவல். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அதோபோ வீட்டுல, அப்புறம் தூங்குவேன். திங்கட்கிழமை லியோகாதியா வீடு. அவளும் எத்தனை நாளைக்குத்தான் வயிறு எரிவா?"

லியோகாதியா அம்மா கோப்பையோடு அவளைக் கட்டிக்கொண்டதில் சோளக்கள் பாதி எர்மோகெனெஸ் சட்டையில் போயிற்று.

"அப்ப நம்ம கடையில திங்கட்கிழமை சாக்கே யாரு வைப்பா?" என்றான் நிக்கானோர்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"நானா?"

"உனக்குத்தான் திங்கட்கிழமை தெரியுமே," என்றாள் அக்கா.

கல்லாவைத் தவிர எதையும் தொட்டறியாத கையை நிக்கானோர் ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். மறுப்பதென்றால் இப்போதே மறுக்க வேண்டும். "சரி," என்றான். பேப்பர் நாப்கின் ஒன்றை உருவி, டிரம்காரரிடம் பேனா வாங்கிக்கொண்டான். "மொதல்ல என்ன போடணும்?"

"கோதுமை," என்றாள் லியோகாதியா.

"எலும்பு! எலும்பு கொதிச்சாத்தான் கோதுமை," என்றார் எர்மோகெனெஸ்.

"யாரு உங்களைக் கேட்டா? உருளைக்கிழங்கை எப்பப் போடுவீங்க?"

"புதினாவை மறந்துட்டீங்களேடி!"

"புதினா கடைசியில!"

"கடைசியில போட்டா அது சாக்கேயா, கஷாயமா?"

பத்துச் சமையற்காரிகள், பத்துச் சாக்கே. ஒருத்தி மேசையைத் தட்டினாள், இன்னொருத்தி தன் மாமியாரைச் சாட்சிக்கு இழுத்தாள். எல்லாவற்றையும் எழுதினான் நிக்கானோர். எழுதியதன் மேலேயே அடித்து எழுதினான். நாப்கினில் இடம் தீர்ந்து மறுபக்கம் திருப்பினான்.

அக்கா கையை நீட்டி அதை வாங்கினாள். படிக்கப்போகிறாள் என்று நினைத்தான். மிளகாய் ஒட்டியிருந்த விரல்களை அதில் நன்றாகத் துடைத்துக் கசக்கிப்போட்டாள்.

"காகிதத்தைப் பாத்தா சூப் வைப்பாங்க? கூட்டத்துல என் கையைக் கண்டுபிடிச்ச நாக்குக்கு, உன் கை எங்க தப்புதுன்னு தெரியாதா? தெரியலைன்னா சாயந்திரம் நான் வந்து திட்டுறேன். போ."

"எங்க?"

"கோதுமையை இப்ப ஊறப்போட்டாத்தான் காலைக்கு ஆகும்!"

நிக்கானோர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பேண்டு மறுபடி தொடங்கியிருந்தது. ஆடுகிறவர்களுக்கு நடுவில் முட்டி மோதிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கல் வளைவுப் பக்கமாக ஓடினான்.

"டேய்! ரெண்டு தடவை கழுவு!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இன்னும் வேகமாக ஓடினான்.